"நீங்க மலையாளியா?" என்று கேட்பவர்களுக்கு

சென்னையில் குமரி மாவட்டத்துக்காரர் வாயைத் திறந்தால் போதும், "நீங்க மலையாளியா?" என்று கேட்டுவிடுவார்கள். சரி என்று திருவனந்தபுரம் பக்கம் போனால், அங்கே நாங்கள் "பாண்டி"; தமிழர்களைக் கேலியாக அழைக்கும் பெயர் அது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கேரளக்காரர் சொல்வதைக்கூட விட்டுவிடுவேன். நம்மவர் கேட்பதுதான் எரிச்சல். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சும்மா வந்து ஒட்டிக்கொண்டதில்லை. திருவிதாங்கூர் தமிழர்களின் தலைவர் நேசமணி தலைமையில் தமிழ்நாட்டோடு சேர ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அதற்குப் பிறகு, 1956 நவம்பர் 1 அன்றுதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. இவ்வளவும் கொடுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் இந்தக் கேள்வி.

கோடு போட்டது அரசாங்கம். பேச்சு அந்தக் கோட்டைப் பார்த்து நடக்குமா? தோவாளைப் பக்கம் பேச்சில் நெல்லை வாடை அடிக்கும். மேற்கே விளவங்கோடு போகப் போக இழுவை மாறும். கடையில் குடிப்பது சாயா, தாகத்துக்குக் கேட்பது வெள்ளம், மதியம் மீன்கறியோடு மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கு. ஓணத்துக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. திருவிதாங்கூர் என்ற ஒரே ராஜ்யத்தில் தலைமுறை தலைமுறையாக மலையாளிகளோடு இருந்தவர்கள், வேறு எப்படிப் பேசுவார்கள்?

தக்கலை பக்கம் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். கம்பர் கும்பிட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி ஒவ்வொரு நவராத்திரிக்கும் அங்கிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடவே போவார்கள். களியக்காவிளையில் போலீஸ் அணிவகுப்பு மரியாதையோடு அவர்களை எல்லை தாண்ட வைக்கிறது. சாமிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை எங்கள் பேச்சுக்கும் கிடைத்தால் நல்லது.

அப்புறம் தேவிகுளம், பீர்மேடு. தமிழ்நாட்டுக்குக் கேட்டும் கிடைக்காமல் கேரளத்திலேயே இருந்துவிட்ட தாலுகாக்கள். அங்குள்ள தோட்டத் தொழிலாளர்களின் தமிழிலும் மலையாளம் கலந்துதான் இருக்கிறது. அவர்களைப் பற்றி மேடையில் பேசும்போது மட்டும் "நம் தமிழர்கள்" என்று குரல் உயர்கிறது. அதே ஆட்கள் மறுநாள் ஆபீசில் மார்த்தாண்டத்துப் பையனைச் "சேட்டா" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள்.