ஏற்காட்டுக் கொசுதான் சேலத்துக்கு டெங்கு கொண்டுவருகிறதா?

"ஏற்காட்டுக் காட்டில் விதவிதமான கொசுக்கள் இருக்கின்றன, மழைக்காலத்தில் அவை மலையிறங்கி வந்து சேலத்தில் டெங்கு பரப்புகின்றன" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

டெங்குவை முக்கியமாகப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி. இங்கே அது வீட்டை ஒட்டியே வாழும் கொசு. பகலில் கடிக்கும்; பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தாண்டுவதே அபூர்வம். ஏற்காடோ சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர். பஸ் பிடித்துத்தான் வரவேண்டும்!

தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்து வைக்கிறோமே, அந்த நீல டிரம்மின் உள்சுவரைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கடுகைவிடச் சின்னக் கரும்புள்ளிகளாக முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

சாக்கடையில் மொய்ப்பது க்யூலெக்ஸ். அது பரப்புவது யானைக்கால் நோய், டெங்கு அல்ல. மாடித் தொட்டியில் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி மலேரியா பரப்பும். ஆக, நோய்க்கொசு வகைகள் ஊருக்குள்ளேயே போதுமான அளவு இருக்கின்றன.

சரி, மலைப்பகுதி என்றால் பயமே இல்லையா? அப்படியும் இல்லை. மரப்பொந்து, வெட்டிய மூங்கில், பழைய டயர் என எதிலும் வளரும் ஏடிஸ் அல்போபிக்டஸும் டெங்கு பரப்பக்கூடியதே. ஆனால் காட்டு மரப்பொந்துகளில் டாக்சோரின்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவும் வளர்கிறது. அதன் புழு மற்றக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். வளர்ந்த கொசு ரத்தமே குடிக்காது.