மஅபர் வேறு, மலபார் வேறு!

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம்ம கடற்கரை வரலாற்றைப் பேச வருகிற விழா மலர், பள்ளிக்கூடச் சார்ட்டு, காணொளி எதை எடுத்தாலும் ‘மலபார் சுல்தான்கள்’ வந்து நிற்கிறார்கள். எந்த மலபார்? அது கேரளக் கரை! 1335-ஐ ஒட்டி ஜலாலுத்தீன் அஹ்சன் டெல்லியை உதறிவிட்டு மதுரையில் தனியாட்சி தொடங்கினாரே, அந்த நாட்டின் பெயர் மஅபர்!

பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கொல்லம் முதல் நெல்லூர் வரை கடலோரம் முழுக்க மஅபர் என்கிறார். ஊர் சுற்றிய இப்னு பதூதா கோவாப் பக்கம் தொடங்கி, கொல்லத்தில் மலபாரை முடித்துவிடுகிறார். இதற்கு மேல் என்ன வரப்பு போட்டுக் காட்ட வேண்டும்?

மஅபர், அரபியில் நாலே எழுத்து: மீம், ஐன், பா, ரா. ‘ம’ சொன்ன கையோடு தொண்டையை இறுக்கி ஐன், அப்புறம் குறிலாக ‘பர்’. ஆங்கில எழுத்தில் அந்த ஐனுக்கு, வட்டத்தின் இடப்பாதி மாதிரி ஒரு சின்னக் குறி உண்டு. கீபோர்டில் அது இல்லையென்று ஒற்றை மேற்கோள் போடுவார்கள். ஸ்கேன் பண்ணும்போது அதுவும் உதிரும். மிஞ்சினதைப் பார்த்து ஒருத்தர் ‘மாபார்’ என்று இரண்டு நெடில் போடுவார். அதையாவது பொறுக்கலாம், நாடு மாறவில்லை. இன்னொருத்தர் அச்சுப்பிழை என்று நினைத்து நடுவில் ஒரு ‘ல’வைச் செருகுவார். அந்த ஒரு எழுத்தில் பாக் நீரிணைக் கரை அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. வயிறு எரிகிறது!

ஐரோப்பியர்கள் குழப்பியது தனிக் கதை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவத் தமிழ் நூலின் முகப்பிலேயே தமிழுக்கு ‘மலபார்’ அடைமொழி. டச்சுக்காரர்கள் இலங்கைத் தமிழரையும் அப்படித்தான் எழுதினார்கள். அந்த வழக்கைத் தூக்கி 14-ஆம் நூற்றாண்டு மதுரைமேல் ஒட்டாதீர்கள்.

தமிழில் ‘மஅபர்’ என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் குறியோடு ஒரு தடவை, குறி இல்லாமல் ஒரு தடவை, மார்க்கோ போலோ மொழிபெயர்ப்புகளுக்காக முதல் ‘ஏ’யை இரட்டித்து ஒரு தடவை. தேடுபொறி ‘மலபாரா?’ என்று கேட்டால் தொடாதீர்கள். மதரஸாவில் பிள்ளைகள் ஐனைத் திருத்தமாக ஓதப் பழகுகிற ஊர்கள் இவை. மலரை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) இந்தப் பெயரைக் காட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. காட்டுங்கள்!