வயசுப் பொண்ணை யார் வீட்டிலோ விடுவதா?

என் மகளுக்கு 19 வயது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருடம் தன்னார்வலராக வேலை செய்ய இடம் கிடைத்திருக்கிறது, தங்குவது அந்த ஊர்க் குடும்பம் ஒன்றோடு. போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் ஒரு காதுகுத்தில் இந்த விஷயம் வெளியே வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. "வயசுப் பொண்ண முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்ல விடுவீங்களா அண்ணி?" என்று நாத்தனார் பந்தியிலேயே கேட்டார். பாசத்தில்தான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இலையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சொல்கிற பதில் இல்லை இது, கொஞ்சம் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முன்னப்பின்ன தெரியாத ஒரு ஜெர்மன் வயசுப் பெண் நம் வீட்டிலேயே பத்து மாதம் இருந்தாளே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2018 ஆகஸ்டில் வந்தாள். 2008இல் ஜெர்மன் அரசு ஆரம்பித்த வெல்ட்வெர்ட்ஸ் என்ற திட்டம், 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களைத் தன்னார்வலர்களாக இந்தியா மாதிரி நாடுகளுக்கு அனுப்பிவைக்கிறது. இவள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அதில் வந்தவள், 18 வயது. காட்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பாகாயம் பஸ் ஏறி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்குப் போய்வருவாள். வந்த அன்றைக்கே அவளுக்காகப் படிவம் சி பதிவு செய்தோம். வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், வங்கதேச நோயாளிகள் தங்கும் வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளுக்கு என்ன விதியோ அதேதான் வீட்டுக்கும். நிறைய பேருக்கு இது தெரிவதில்லை.

காபி கொடுத்தால் தேங்க்யூ, தட்டு வைத்தால் தேங்க்யூ, ஃபேன் போட்டால் தேங்க்யூ. மூன்றாம் நாள் என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்மள வேத்து ஆளாவே நினைக்குதா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். நிஜமாகவே மனம் நொந்துதான் கேட்டார். அதை அவளிடம் பக்குவமாகச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தாள். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டோடு அவர் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் எல்லாப் பேரப்பிள்ளைகளையும் போல அவளும் அவரை ஆயா என்றுதான் கூப்பிட்டாள்.

எல்லாமே இப்படி நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் பொய். அக்டோபரில் ஒரு நாள் தோழியை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனவள் மணி பத்தாகியும் வரவில்லை, போனும் செத்துப்போயிருந்தது. என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போனார், நான் வாசலிலேயே நின்றேன். வந்து இறங்கியதும் பெற்ற மகளைத் திட்டுவது போலத் திட்டிவிட்டேன். "எங்க வீட்ல என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் பேச்சே இல்லை. அப்புறம் சென்னையில் இருந்த திட்ட ஒருங்கிணைப்பாளர் வந்து அவளிடம் தனியாக, என்னிடம் தனியாகப் பேசினார். வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அந்த நேரம் வரைக்கும் நான் போன் செய்யக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். கடைசி வரைக்கும் இரண்டு பேரும் மீறவில்லை. வீட்டிலும் சேராத, வந்த பிள்ளைக்கும் சொந்தமில்லாத அந்த மூன்றாவது ஆள் இல்லாமல் போயிருந்தால் மனக்கசப்போடு ஊருக்குப் போயிருப்பாள்.

சரி, பத்து மாதத்தில் அவள் என்ன தொண்டு செய்து கிழித்தாள் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பள்ளி ஆசிரியை என்னிடம் நேராகவே சொன்னார், முதல் மூன்று மாதம் தனக்கு இன்னொரு பிள்ளை சேர்ந்த மாதிரிதான் இருந்தது என்று. பிறகு ஒரு பையனை அவளிடம் ஒப்படைத்தார்கள், சட்டைப் பொத்தான் போடத் தெரியாத பையன். எங்கள் வீட்டுப் பழைய தலையணை உறையில் பெரிய கோட்டுப் பொத்தான்களாகத் தைத்து, தினமும் அதை அவன் மடியில் விரித்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். பொங்கல் கழிந்துதான் அவன் தன் சட்டையில் முதல் பொத்தானைத் தானாகப் போட்டான். ஒரே ஒரு பையன், ஒரு பொத்தான், அதற்குள் அவள் வந்து ஐந்து மாதம். 18 வயதில், பயிற்சி எதுவும் இல்லாமல் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அதற்கும் அத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று 20 வயதையொட்டி அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தபோது டாக்டர் இல்லை. ஒரே ராத்திரியில் பிரசவத்தில் மூன்று பெண்களின் உயிர் போனது, அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பிப் போய் 1899இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900இல் ஒற்றைப் படுக்கையோடு இங்கே வைத்தியத்தை ஆரம்பித்தார். சிஎம்சி ஆஸ்பத்திரி அப்படித்தான் வந்தது. இளம் வயதில் போகிற இடத்தில் யாரையும் காப்பாற்றிவிட முடியாது. பார்த்தது மனதில் தங்கும், அது பிறகு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இரண்டு வாரத்துக்குப் பணம் கட்டி அநாதை இல்லத்தில் தொண்டு செய்துவிட்டு வரும் பயணங்களை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள், இவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அடுத்த மாதம் வேறொரு கூட்டம் வந்து இறங்கும். இப்படி வருகிறவர்களின் காசுக்காகவே தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளைக் கொண்டுவந்து இல்லங்களில் அடைப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியா அதை நவீன அடிமைத்தனத்தில் ஒரு வகை என்றே அங்கீகரித்தது. நம் பிள்ளைகளை அந்த மாதிரிப் பயணத்துக்கு யார் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள், சான்றிதழ் தருகிறார்கள் என்றாலும் வேண்டாம்.

இப்போது என் மகள் விஷயம். வெல்ட்வெர்ட்ஸ் 2013இலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகளையும் அங்கே வரவழைக்கிறது, அவள் போவது அந்த வழியில்தான். பயணச்செலவு, தங்குமிடம், காப்பீடு, கைச்செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, 15 முதல் 17 வயதுக்கு, அமெரிக்க அரசு செலவில் ஒரு பள்ளி ஆண்டு அங்கே படிக்கும் கென்னடி-லூகர் யெஸ் என்ற திட்டம் இருக்கிறது, இந்தியாவும் அதில் உண்டு. அங்கே பிள்ளைகளைத் தங்க வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குக் காசு கொடுப்பதில்லை, ஆனால் வீட்டில் 18 நிறைந்த எல்லோருக்கும் குற்றப் பின்னணி பார்த்த பிறகுதான் பிள்ளையை விடுகிறார்கள்.

ஜெர்மனியில் இருக்கும் அமைப்பிடம் நான் கேட்டது கொஞ்சம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவாள்? வீடு பிடிக்கவில்லை என்றால், காரணம் சொல்ல அவளுக்கு வாய் வராவிட்டாலும், மாற்றிக் கொடுப்பீர்களா? அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? பாஸ்போர்ட் அவள் கையில்தானே இருக்கும்? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்தது, ஒருங்கிணைப்பாளரிடம் வீடியோவில் பேசியும் விட்டேன். பதில் சொல்ல மழுப்பியிருந்தால் அன்றைக்கே வேண்டாம் என்றிருப்பேன். நாத்தனாரே, தெரியாத வீடு என்கிற பயம் எனக்கும் இருக்கிறது. அந்த ஜெர்மன் பெண்ணின் அம்மாவுக்கும் இருந்திருக்கும், அவரும் மகளை நம்மை நம்பித்தானே அனுப்பினார்.

என் மாமியார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வீட்ல ஆயா யாராவது இருக்காங்களா?" இருக்கிறார், 81 வயது, கீழ்த்தளத்தில் தனி அறை, அனுப்பிய விவரத்தில் இருந்தது. அப்படியானால் போகட்டும் என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

அடுத்த மாதம் விசாவுக்குச் சென்னை போக வேண்டும். நம் ஊர்ப் பக்கம் யாராவது இப்படிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தால், முதல் குளிர்காலத்தை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று எழுதுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.