விற்கவும் தெரிய வேண்டும், வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்

நேற்று நண்பர்கள் இருவரோடு தொடங்கிய பேச்சு நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. வளரும் நாடுகளில் அரசு கைவைத்த தொழில் எதுவும் உருப்பட்டதில்லை, எல்லாவற்றையும் விற்றுத் தொலைக்க வேண்டும் என்றார் ஒருவர். தனியார் வந்தால் ஏழைக்கு ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் அரசின் கையில்தான் இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இருவருமே விஷயம் தெரிந்தவர்கள். இருவரிடமும் கைநிறைய உதாரணங்கள் இருந்தன. நான் நினைப்பதை அங்கேயே கோவையாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஒரு தொழிலை ஒழுங்காக நடத்தத் தெரியாத அரசுக்கு, அதை ஒழுங்காக விற்கவும் தெரியாது. என் கருத்து இவ்வளவுதான்.

"நிர்வாகம் சரியில்லை, அதனால் விற்கிறோம்" என்கிறார்கள். சரி. ஆனால் விற்பதும் நிர்வாகம்தானே? சொத்தின் மதிப்பைக் கணிக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும், அதன் பிறகு முப்பது நாற்பது வருடம் அதைக் கண்காணிக்க வேண்டும். இவை அத்தனையையும் செய்யப்போவது யார்? நேற்றுவரை நிறுவனத்தை நட்டத்தில் ஓட்டிய அதே அமைச்சகம்தான், அதே அதிகாரிகள்தான். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் அவர்களுக்குத் திறமையும் நேர்மையும் எங்கிருந்து வரும்?

தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். இரும்பு இல்லாமல் ஒரு வருடம் ஓட்டலாம், தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது. அதோடு ஒரு தெருவுக்கு இரண்டு கம்பெனி இரண்டு குழாய் பதிக்க முடியாது என்பதால், இதில் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. எவர் கையில் இருந்தாலும் அது ஏகபோகம்தான்.

பொலிவியாவில் கொச்சபம்பா என்ற நகரம். அங்கே குடிநீர் விநியோகம் நகராட்சி நிறுவனத்திடம் இருந்தது, மோசமாக இருந்தது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1999-இல் அதைத் தனியாருக்கு 40 ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்க அரசு முடிவு செய்தது. ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு கூட்டமைப்பு, அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்குத் தொடர்புடையது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடினால்கூட ஒருவர் மட்டும் வந்தால் இன்னும் இரண்டு பேரை விசாரிப்போம். ஒரு நகரத்தின் தண்ணீரை நாற்பது ஆண்டுக்குக் கொடுக்கும் அரசு அந்த ஒருவரோடேயே பேரம் பேசி முடித்தது. ஏறத்தாழ 15% லாபத்துக்கு ஒப்பந்தத்திலேயே உத்தரவாதம் எழுதிக் கொடுத்தது. பெரிய அணைத் திட்டம் ஒன்றின் செலவும் கட்டணத்தில் ஏறியது. போதாததற்கு, மக்கள் தாங்களே கூடிக் காசு போட்டுத் தோண்டிய கிணறுகள்கூட நிறுவனத்தின் ஆளுகைக்குள் போய்விடுமோ என்று அஞ்சும்படி ஒரு சட்டமும் வந்தது.

2000 ஜனவரியில் புதிய பில்கள் வந்தன. சில வீடுகளுக்குக் கட்டணம் இரண்டு மடங்கு. தண்ணீர் மட்டும் அப்படியேதான் வந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது, 17 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது.

தனியாரின் பேராசைக்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், லாபம் தேடி வந்தவர் லாபம் கேட்டதில் வியப்பு ஒன்றுமில்லை என்றே படுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் யாருக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, தண்ணீரைத் தனியாருக்குக் கொடுத்தாலே இப்படித்தான் ஆகும் என்று முடித்துவிடலாமா? அதற்கும் வழியில்லை. பக்கத்து நாடான அர்ஜென்டினாவில் 1990-களில் சுமார் 30% நகராட்சிகள் தண்ணீரைத் தனியாரிடம் விட்டன, மற்றவை விடவில்லை. செபாஸ்டியன் கலியானி, பால் கெர்ட்லர், எர்னஸ்டோ ஷார்க்ராட்ஸ்கி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இரு வகை ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனியாரிடம் விட்ட ஊர்களில் குழந்தை இறப்பு சுமார் 8% குறைந்திருந்தது. மிக ஏழ்மையான ஊர்களில் 26%. காரணம் எளியது. அதுவரை குழாயே போகாத ஏழைத் தெருக்களுக்குக் குழாய் போனது, சுத்தமான தண்ணீர் போனது. அந்தக் குழந்தைகளின் தாய்மாரிடம் போய்த் தனியார்மயம் தீமை என்று என்னால் சொல்ல முடியாது. (2001-இன் பெரும் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பியூனஸ் ஐரிஸ் நகரின் ஒப்பந்தமும் தகராறில் சிக்கி 2006-இல் ரத்தானது. அது இன்னொரு நீண்ட கதை.)

இப்போது அரசே நடத்தும் பக்கத்துக்கு வருவோம். கம்போடியாவின் தலைநகர் புனோம் பென். போரும் படுகொலையும் தின்றுபோட்ட நகரம். 1993-இல் எக் சோன் சான் என்பவர் குடிநீர் ஆணையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது, நகருக்கு அனுப்பிய தண்ணீரில் 72% கணக்கில் வரவில்லை. ஒரு பகுதி ஓட்டைக் குழாய்களில் ஒழுகியது, இன்னொரு பகுதியைத் திருடினார்கள். ஆணையத்தின் ஊழியர்களே கள்ள இணைப்பு கொடுத்துக் காசு பார்த்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. பெரிய மனிதர்கள் பணம் கட்டவே இல்லை, அரசு அலுவலகங்களும் கட்டவில்லை. எந்த ஆலோசகரைக் கேட்டிருந்தாலும் இதை உடனே விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

அவர் மீட்டர் வைக்கத் தொடங்கினார். ஒரு ராணுவ ஜெனரலின் வீட்டில் மீட்டர் வைக்க விடவில்லை. ஊழியர்களைத் திரும்ப அனுப்பிவிட்டார்கள். எக் சோன் சானே நேரில் போனார். ஜெனரல் துப்பாக்கியை எடுத்து அவர் தலையில் வைத்தார். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரும்பிப் போனவர் ஆயுதப் போலீசோடு மறுபடி வந்து அந்த வீட்டின் இணைப்பைத் துண்டித்தார்.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஒரு மீட்டர். கைக்கு அடக்கமான ஒரு சாதனம். ஆனால் ஜெனரல் வீட்டு வாசலில் அது சுற்ற ஆரம்பிக்கும் நாளில்தான், தெருக்கோடியில் இருப்பவன் தன் பில்லைக் கட்ட மனம் வைப்பான்.

பிறகு நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. லஞ்சம் வாங்கியவர்களை வெளியேற்றினார், ஒழுங்காக வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். ஜப்பான், பிரான்ஸ், ஆசிய வளர்ச்சி வங்கி என்று உதவி வந்தது. கட்டணத்தை உயர்த்தினார், ஆனால் படிப்படியாக, சேவை மேம்பட்ட பிறகு. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார். 1996-இல் அரசு அந்த ஆணையத்துக்குத் தன்னாட்சி கொடுத்தது. என் பார்வையில் இதுதான் முக்கியமான திருப்பம். அதன் பிறகு வந்த காசு அதன் கணக்கில் தங்கியது. 2000-களின் இறுதிக்குள் கணக்கில் வராத தண்ணீர் சுமார் 6% ஆகிவிட்டது. பல பணக்கார நாட்டு நகரங்களால்கூட எட்ட முடியாத அளவு இது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. இத்தனைக்கும் அது முழுக்க முழுக்க அரசு நிறுவனமாகவே இருந்தது.

அரசு நிறுவனம் என்றாலே சோம்பேறித்தனம் என்பவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலான அரசு நிறுவனங்கள் ஏன் புனோம் பென் ஆகவில்லை என்ற கேள்விக்கு நம் பக்கத்திலிருந்தும் பதில் வேண்டும். ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஸ் கோர்னாய் சோஷலிச நாட்டுத் தொழிற்சாலைகளை உள்ளிருந்தே ஆராய்ந்து அந்தப் பதிலைச் சொன்னார். எவ்வளவு நட்டம் வந்தாலும் கஜானா வந்து காப்பாற்றும் என்று மேலாளருக்குத் தெரிந்துவிட்டால், அவர் செலவைப் பற்றிக் கவலைப்படவே மாட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நாம் சொல்வதுதான். கோர்னாய் இதை வைத்து ஒரு பொருளாதார முறை ஏன் நொடிந்தது என்றே விளக்கினார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நோய் தனியாருக்கும் தொற்றும். கடன் கழுத்தை நெரித்தால் அமைச்சரைப் பார்த்துத் தள்ளுபடி வாங்கிவிடலாம் என்று தெரிந்த முதலாளியும் இதே மேலாளர்தான். லாபம் வந்தால் வீட்டுக்கு, நட்டம் வந்தால் நாட்டுக்கு. இதற்குச் சந்தை என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டு வழியிலும் அடிபட்ட நாடு ஒன்று உண்டு. ஜாம்பியா. அதன் பிழைப்பே செம்புச் சுரங்கங்கள்தான். 1960-களின் இறுதியில் அரசு அவற்றில் 51% பங்கை எடுத்துக்கொண்டது. தன் மண்ணின் செல்வம் தன் மக்களுக்கு என்ற அந்த ஆசையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் 1970-களின் நடுவில் செம்பு விலை சரிந்தது. சுரங்க வருமானமோ எல்லாச் செலவுக்கும் கறவை மாடு. புது இயந்திரம் வாங்கவும் புதுச் சுரங்கம் தோண்டவும் காசு ஒதுக்கவில்லை. ஆண்டுக்கு 7 லட்சம் டன்னைத் தொட்ட உற்பத்தி, 2000 வாக்கில் இரண்டரை லட்சம் டன்னுக்கு வந்துவிட்டது.

அப்புறம் விற்றார்கள். விலை படுத்துக் கிடந்த நேரத்தில், கடன் கொடுத்தவர்கள் நெருக்க, துண்டு துண்டாக, அடிமாட்டு விலைக்கு. ஒப்பந்தங்களை மக்களுக்குக் காட்டவில்லை. எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை வெறும் 0.6%. 15, 20 ஆண்டுகளுக்கு வரி விதிகளை மாற்ற மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய சுரங்கம் ஒன்றை வாங்கிய ஆங்லோ அமெரிக்கன் நிறுவனம் 2002-இலேயே கைகழுவி விட்டுப் போனது. அதன் பிறகு சில ஆண்டுகளில் செம்பு விலை பல மடங்கு ஏறியது. சுரங்கங்கள் கொழித்தன, அரசுக் கஜானாவுக்கு வந்தது சொற்பம். 2008-இல் கூடுதல் லாபத்துக்கு வரி போட்டார்கள், அடுத்த வருடமே அதையும் விலக்கிக்கொண்டார்கள். அரசு நடத்தியும் தோற்றது, விற்றும் தோற்றது. சுரங்கமும் அதேதான், செம்பும் அதேதான்.

பக்கத்திலேயே போட்ஸ்வானா. 1966-இல் விடுதலை பெற்றபோது நாடு முழுக்கச் சேர்த்து 12 கிலோமீட்டர் தார்ச்சாலை இருந்தது. வைரம் கிடைத்தது. வைரத் தொழிலில் பெரும்புள்ளியான டி பியர்ஸ் நிறுவனத்தை அவர்கள் விரட்டவும் இல்லை, எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. 15% பங்கோடு தொடங்கி, சில ஆண்டுகளில் மறுபடி பேரம் பேசி 50% வரை கொண்டுவந்தார்கள். அந்த மேசைக்குப் போகும்முன் படித்தார்கள், கணக்குப் போட்டார்கள். நம் ஆட்களுக்கே எல்லாப் பதவியும் என்று அவசரப்படாமல், வெளிநாட்டு நிபுணர்களைச் சில காலம் வைத்துக்கொண்டார்கள். வைரக் காசில் ஒரு பகுதியைச் சேமிக்க 1994-இல் தனி நிதியும் ஏற்படுத்தினார்கள். இதைத் தேசியமயம் என்பதா, தனியார்மயம் என்பதா? என் நண்பர்கள் இருவரின் பட்டியலிலும் போட்ஸ்வானா இருந்தது!

எல்லாத் தொழிலிலும் அரசு இருந்தே ஆக வேண்டும் என்பதல்ல என் வாதம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற நிலை இருக்கும் இடத்தில் அரசு ரொட்டி சுடவும் வேண்டாம், ஓட்டல் நடத்தவும் வேண்டாம். அங்கே அதன் வேலை எடையும் தரமும் பார்ப்பது. அதேபோல், யாருமே வராத இடத்தில் அரசு இறங்கித்தான் ஆக வேண்டும். தென் கொரியா இரும்பாலை கட்டக் கடன் கேட்டபோது, கட்டுப்படியாகாது என்று உலக வங்கி கைவிரித்தது. ஜப்பானிடமிருந்து வந்த இழப்பீட்டுப் பணத்தில் 1970-இல் போஹாங்கில் அரசே கட்டத் தொடங்கியது. 1973-இல் ஆலை ஓடியது, லாபமும் வந்தது. உலகத்தரத்துக்கு வளர்ந்த பிறகு, படிப்படியாகப் பங்குகளை விற்று 2000-இல் முழுக்கத் தனியார் ஆக்கினார்கள். நல்ல நிலையில், நல்ல விலைக்கு, அவசரமில்லாமல். 1995-இல் ரஷ்யாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரசு வாங்கிய கடனுக்குப் பிணையாக எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகளை வங்கிகளிடம் கொடுத்தார்கள். சில ஏலங்களை நடத்திய வங்கியும் எடுத்த ஆளும் ஒரே கூட்டம்.

இனி எந்த நாட்டில் எந்த நிறுவனத்தை விற்பதாகவோ அரசுடைமை ஆக்குவதாகவோ செய்தி வந்தாலும் நான் இவற்றைத்தான் முதலில் தேடுவேன். ஒப்பந்தம் பொதுவில் இருக்கிறதா? எத்தனை பேர் ஏலத்துக்கு வந்தார்கள்? நட்டம் வந்தால் யார் பையிலிருந்து போகும்? அமைச்சரின் போன் வந்தால் மறுக்கும் தைரியம் உள்ள அதிகாரி அங்கே இருக்கிறாரா, மறுத்த பிறகும் அவர் நாற்காலி பத்திரமா?

கொச்சபம்பா கதையின் மீதி இருக்கிறது. போராட்டத்தில் மக்கள் வென்றார்கள். "தண்ணீர் நமது" என்ற முழக்கம் உலகமெங்கும் பரவியது. நிறுவனம் நகராட்சியின் கைக்குத் திரும்பியது, நிர்வாகக் குழுவில் மக்கள் பிரதிநிதிகளும் வந்தார்கள். அந்த வெற்றிச் செய்தியைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அங்கே ஊழலும் வேண்டியவர்களை வேலைக்குத் திணிப்பதும் மறுபடி தலையெடுத்தன. பணமும் போதவில்லை. போராட்டம் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும், நகரின் தெற்கே மிக ஏழைகள் வாழும் பகுதிகளில் ஏராளமான வீடுகளுக்குக் குழாய் வரவில்லை. லாரி வந்தால் ஓடிப்போய்ப் பீப்பாயில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். குழாய் உள்ள வீட்டுக்காரர் கட்டுவதைவிட ஒரு லிட்டருக்குப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்து.