அந்த உப்பு பாக்கெட்டைக் கீழ வைங்க சாமி

ஆடி பொறந்தாப் போதும், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மூணு ஊரு வாட்சப்புலயும் ஒரே லிஸ்ட்டு சுத்த ஆரம்பிச்சிருது. "ரெண்டு நாள் ஜங்கிள் எக்ஸ்பெடிஷன், வால்பாறை." கொண்டுவர வேண்டிய சாமான்: ஜீன்ஸ் ரெண்டு, வெள்ளை டீசர்ட் (குரூப் போட்டோவுக்காம்), சென்ட் பாட்டில், புளூடூத் ஸ்பீக்கர், பவர் பேங்க். கடேசில பெரிய மனசு பண்ணி ஒரு வரி: "அட்டைக்கு உப்பு." ஏனுங்க, இதை எழுதின மகராசன் மழைல அந்தக் காட்டுக்குள்ள ஒருக்காவாச்சும் நடந்திருப்பாருங்களா?

தென்மேற்குப் பருவமழை கொட்டற காட்டுல, சாக்ஸ் மேல தூவின உப்பு எத்தனை நேரம் நிக்கும்? முதல் ஓடையைத் தாண்டற வரைக்கும். அப்பறம் கரைஞ்சு ஷூவுக்குள்ள எறங்கி, ஊறிப்போன கால்ல எரிச்சலைக் கெளப்பும். அட்டை பாட்டுக்கு மறு கால்ல ஏறிட்டிருக்கும்.

அட்டை மரத்துல இருந்து தலைல குதிக்கும்னு பயமுறுத்தறவங்களும் இருக்காங்க. அது பெரும்பாலும் சருகுலயும் புல்லு நுனிலயும் இருக்கற ஆளு. பின்பக்கத்தை இலைல ஊணிட்டு, முன்பக்கத்தை நீட்டி, நிறுத்தமில்லாத எடத்துல பஸ்ஸுக்குக் கை காட்டற மாதிரி ஆட்டிட்டு நிக்கும். உங்க மூச்சுக்காத்து, ஒடம்புச் சூடு, காலடி அதிர்வு, இதை வெச்சே ஆள் வர்றது அதுக்குத் தெரிஞ்சுரும். முன்னால போறவன் எழுப்பி உட்டுட்டுப் போயிருவான், பின்னால வர்றவன் கால்லதான் ஏறும். வரிசைல கடேசியா நடந்தா பத்திரம்னு நெனைக்கற புத்திசாலிக இதைக் கொஞ்சம் ரோசனை பண்ணுங்க.

வேண்டியது அட்டை சாக்ஸ். கடைல விக்கற நீள சாக்ஸ் இல்லைங்க. அது பின்னல் துணி. இழுத்தா கண்ணு விரியும், நூல் மாதிரி ஒல்லியா இருக்கற பசிச்ச அட்டை அந்தக் கண்ணு வழியா உள்ள போயிரும். நிட்டிங்குக்கும் நெசவுக்கும் வித்தியாசம் என்னன்னு திருப்பூர்க்காரங்களுக்கு நாம வகுப்பெடுக்கணுமா? நெருக்கமா நெய்த காடாத் துணி ஒரு மீட்டர் எடுத்து, முழங்கால் வரைக்கும் பை மாதிரி தெச்சுத் தரச் சொன்னா எந்த டெய்லரும் தெச்சுக் குடுத்துருவாரு. ரெட்டைத் தையல் போடச் சொல்லுங்க, குதிகால் மூட்டுல தையல் உட்டுச்சுன்னா அதான் வாசப்படி. மேல வாய்ல நாடா. சாதா சாக்ஸைப் போட்டு, அது மேல பேண்ட், பேண்ட்டுக் காலை இந்தப் பைக்குள்ள உட்டு, முழங்காலுக்குக் கீழ இறுக்கிக் கட்டி, அப்பறம்தான் ஷூ. பேண்ட்டு வெளிய தொங்குச்சுன்னா பாதுகாப்பெல்லாம் போச்சு, அட்டை பேண்ட்டுக்குள்ளாற நேரா மேல போயிரும். எதுவரைக்கும்னு கேக்காதீங்க. வெள்ளைதான் வேணும்னா வெள்ளையை இங்க போடுங்க, ஏறற அட்டை கண்ணுக்குத் தெரியும்.

புகையிலையை ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, அந்தத் தண்ணில சாக்ஸை நனைச்சுக் காய வைக்கற பழக்கமும் இருக்குது. காய்ஞ்ச சவுக்காரக் கட்டியை ஷூ மேலயும் நாடா கட்டற எடத்துலயும் அழுத்தித் தேய்க்கறதும் உண்டு. தூறலுக்குத் தாங்கும், அடைமழைக்குக் கழுவிட்டுப் போயிரும்.

அப்படியும் கடிச்சிருச்சுன்னா? உடனே ஒருத்தர் லைட்டரோட ஓடி வருவாரு, இன்னொருத்தர் அதே உப்பு பாக்கெட்டோட. ரெண்டு பேரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. சுட்டாலோ உப்பு போட்டாலோ, அட்டை வயித்துல இருக்கறதைக் கடிவாய்லயே கக்கிட்டு விழும். புண்ணு சீழ் வைக்க அது ஒண்ணே போதும். ஒல்லியா இருக்கற முனைதான் வாயி. அங்க தோலை ஒட்டினாப்ல நகத்தைக் குடுத்து பக்கவாட்டுல தள்ளுங்க, வாயை உட்டுரும். அப்பறம் தடிச்ச பின்முனையையும் அதே மாதிரி தள்ளிச் சுண்டி உடுங்க. புடிச்சு இழுக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்கற சரக்கை எறக்கிட்டுத்தான் அது குடிக்குது, அதனால கடி மிளகுத் தண்டி இருந்தாலும் மணிக்கணக்குல ஒழுகும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வெச்சு அமுத்தி, இறுக்கமா பிளாஸ்திரி போட்டா வேலை முடிஞ்சுது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் கெளம்புங்க.

அந்த லிஸ்ட்டுல ஜீன்ஸ் எதுக்குன்னு இன்னும் வெளங்கல. நனைஞ்ச ஜீன்ஸ் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும், அந்தக் கூதல்ல ரெண்டு நாளானாலும் காயாது, தொடை ஒரஞ்சு சாயங்காலம் வாத்து நடைதான். தேயிலைக் காட்டுல வேலை செய்யறவங்க மழைக்குச் சாக்கை மடிச்சுக் கொங்காடை போட்டுக்கிட்டதுல இருக்கற அறிவு இதுல இல்லைங்க. மெல்லிசான நைலான் பேண்ட்டு, தொவட்ட ஒரு துண்டு, மாத்த ஒரு லுங்கி. தீந்துது.

அடுத்த கெரகம் சென்ட்டும் ஸ்பீக்கரும். கூட வர்ற வேட்டைத் தடுப்புக் காவலர் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கறாரு. மூங்கில் ஒடியற சத்தம், சூடு ஆறாத லத்தி, இதெல்லாம் யானை பக்கத்துல நிக்குதுங்கறதுக்கு அடையாளம். அவரு காதைத் தீட்டிட்டு நிக்கறப்ப பின்னால குத்துப்பாட்டு! யானைக்கு மோப்பந்தான் கண்ணு. கல்யாண மண்டபமே நடந்து வர்ற மாதிரி மணத்தோட போனா, அது உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிரும். இருவாச்சிப் பறவை தலைக்கு மேல போனா றெக்கைச் சத்தம் நீராவி ரயில் மூச்சு உடற மாதிரி கேக்கும். அதைக் கேக்கக் குடுத்து வெக்காம காசு கட்டி எதுக்குங்க வர்றீங்க?

விளம்பரத்துல இன்னொரு கூத்து: "மனிதக் காலடி படாத காடு, டாப்சிலிப்." ஆனைமலைல இருக்கற டாப்சிலிப்புங்கற பேரே மலை உச்சில இருந்து தேக்குமரத்தைச் சறுக்கி உட்டதால வந்தது. மரம் வெட்டித் தீர்ந்த காட்டுல மறுபடியும் தேக்கை வளர்த்தெடுத்த வெள்ளைக்கார வன அதிகாரி ஹ்யூகோ வுட், 1933-ல செத்தவரு, அங்கயேதான் அடக்கமாகி இருக்காரு. இதுக்கெல்லாம் முன்னாடியே காடர், மலசர்னு பழங்குடி சனங்க அங்க பொழச்சுட்டு இருக்காங்க. இத்தனை பேரு காலடி பட்டும் படாத காடாம்.

அனுமதி இல்லாம "எங்களுக்குத் தெரிஞ்ச குறுக்கு வழி"ன்னு கூட்டிட்டுப் போறவங்ககிட்ட மட்டும் வேடிக்கை வேண்டாங்க. 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீல மலையேறப் போனவங்க எத்தனை பேரு கருகிப் போனாங்கன்னு மறந்துருச்சா? வனத்துறை 2024-ல தமிழ்நாடு முழுக்க 40 பாதையைத் தொறந்து, ஆன்லைன்ல பதிவு பண்ண வழியும் வெச்சிருக்குது. ஆனைமலைப் பக்கமும் பாதை இருக்குது. வழிகாட்டி கூட வருவாரு, அவரு சொல்றதைக் கேளுங்க. வெடியால சீக்கிரம் கெளம்புங்க, சோலைக்குள்ள நாலு மணிக்கே பொழுது எறங்கிரும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, புளிச்சோறு. பிரியாணிப் பொட்டலத்தை வால்பாறைக்குப் பக்கத்துல இருக்கற புதுத்தோட்டம் எஸ்டேட்டுல பிரிச்சீங்கன்னா சிங்கவால் குரங்கு கூட்டமா ஒறம்பற மாதிரி வந்து உக்காந்துக்கும். ஒரு பருக்கை போடாதீங்க. போட்டுப் போட்டுத்தான் அதுக ரோட்டுக்கு வந்து வண்டில அடிபடுது.

திரும்பி வண்டில ஏறறதுக்கு முன்னாடி அட்டை சாக்ஸை அவுத்து உள்பக்கத்தை வெளிய திருப்பி ஒதறுங்க. கால் விரல் இடுக்கு, முழங்கால் மடிப்பு, இடுப்புல பெல்ட்டு அழுந்தின எடம், வாட்ச் பட்டைக்கு அடி, எல்லாத்தையும் ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கங்க. பார்க்காம ஏறினீங்கன்னா அதும் உங்ககூடவே சீட்டுல உக்காந்துட்டு நாப்பது கொண்டை ஊசி வளைவும் எறங்கி ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிரும். அங்க பிளாஸ்டிக் இருக்குதான்னுதான் பார்ப்பாங்க, அட்டை இருக்குதான்னு பார்க்க மாட்டாங்க.