ஒரே நாளில் முடிந்ததா பீட்டில்ஸின் முதல் ஆல்பம்?

'பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பமான பிளீஸ் பிளீஸ் மீ-யை முழுக்க ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள்' என்ற தகவல் அடிக்கடி பகிரப்படுகிறது. இதில் பெரும்பகுதி உண்மை, 'முழுக்க' என்பது மட்டும் தவறு.

1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோட்டிலுள்ள ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அவர்கள் காலை முதல் இரவு வரை பாடியது நிஜம். ஆல்பத்தின் 14 பாடல்களில் 10 அன்றைக்குப் பதிவானவை. மீதி நான்கும் 1962-லேயே பதிவாகி, பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று இரண்டு சிங்கிள் இசைத்தட்டுகளாகக் கடைக்கு வந்துவிட்டன. லவ் மீ டூ அவற்றில் ஒன்று. ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார்கூட இல்லை, வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஆண்டி வைட். ரிங்கோ கையில் கஞ்சிரா போன்ற டாம்பரின்தான் இருந்தது.

சரி, அந்தப் பத்துப் பாட்டாவது அன்றோடு முடிந்ததா? அதுவும் இல்லை. பிப்ரவரி 20 அன்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் மிசரி பாட்டில் பியானோவும், பேபி இட்ஸ் யூ-வில் மணியோசை தரும் செலஸ்டா என்ற கீபோர்டு வாத்தியத்தையும் தானே வாசித்துச் சேர்த்தார்.

அந்த ஒரு நாளின் சாதனை இதனால் கொஞ்சமும் குறையவில்லை. ஜலதோஷத்தோடு நாள் முழுக்கப் பாடிய குழுவின் பாடகர் ஜான் லெனன், கடைசியில் ட்விஸ்ட் அண்ட் ஷவுட்டைத் தொண்டை கிழியப் பாடினார். ஆல்பத்தில் நாம் கேட்பது அந்த முதல் டேக்கைத்தான். இரண்டாவது முறை முயன்றபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை.