கோடு விழாத பெயர்கள்

ஒவ்வொரு தேர்தலின்போதும் நண்பர்கள் சிலர் இதைச் சொல்கிறார்கள்: "நிற்பவர்களில் ஒருத்தரும் சரியில்லை, ஓட்டுப் போடாமல் இருந்து என் எதிர்ப்பைக் காட்டப் போகிறேன்." இவர்கள் சோம்பேறிகள் இல்லை. நாட்டு நடப்பை என்னைவிட அதிகம் படிப்பவர்கள், அந்தக் கோபமும் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபம் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அதை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு தேர்தலில் நின்ற தெரிந்தவர் ஒருவருக்காக பூத் ஏஜென்டாக, அதாவது வாக்குச்சாவடிக்குள் அவர் சார்பில் உட்கார்ந்து கவனிப்பவனாக இருந்தேன். கையில் வாக்காளர் பட்டியல், ஒரு பேனா, ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். வாக்காளர் உள்ளே வந்ததும் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிப்பார், நாங்கள் அந்தப் பெயரில் கோடு போடுவோம். மாலையில் கூட்டம் குறைந்தபோது பட்டியலைப் புரட்டினேன். சில பக்கங்கள் முழுக்கக் கோடு, சில பக்கங்களில் தேடினால்தான் ஒன்றிரண்டு. ஒரே வீட்டு எண்ணில் ஐந்து பேர் இருந்தார்கள். எழுபது தாண்டிய இருவர் பெயரிலும் கோடு விழுந்திருந்தது, முப்பது வயதுகூட ஆகாத மூன்று பேரின் பெயர்கள் அப்படியே இருந்தன. அந்த மூன்று பேரும் கோபத்தில் வராமல் இருந்தார்களா, தூங்கிவிட்டார்களா, வெளியூரில் மாட்டிக்கொண்டார்களா? பட்டியலில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. கோபத்தில் வராதவரும், மறந்துபோனவரும், இறந்துபோய் இன்னும் பெயர் நீக்கப்படாதவரும் அந்தத் தாளில் ஒன்றுதான்.

யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். போட்டீர்களா இல்லையா என்பது அப்படி ஒன்றும் ரகசியம் இல்லை. எங்களைப் போல எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், போதாததற்கு எந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கு இந்தியாவில் படிவம் 20 என்ற முடிவுத் தாளில் அப்படியே வெளியாகிறது. கட்சிக்காரர்களிடம் இருக்கும் நேரமும் ஆளும் பணமும் அளவோடுதான், அதை ஓட்டு விழும் இடத்தில்தான் செலவழிப்பார்கள். வயதானவர்கள் திரண்டு வந்து இளைஞர்கள் வராமல் இருந்தால், மேடையில் ஓய்வூதியம் பேசப்படும், கல்விக் கடனும் வேலையும் பேச்சோடு பேச்சாக வந்து போகும். பேசுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

கணக்கென்றதும் ஒன்று. நூறு பேரில் அறுபது பேர் வருகிறார்கள், மூன்று பேர் போட்டியிடுகிறார்கள் என்று வையுங்கள். 24, 20, 16 என்று பிரிந்தால் 24 வாங்கியவர் ஜெயித்துவிடுவார். வராத நாற்பது பேர்தான் அங்கே இருப்பதிலேயே பெரிய கட்சி, ஆனால் அந்தக் கட்சிக்கு வேட்பாளரும் இல்லை, கோரிக்கையும் இல்லை. ஜெயித்தவர் அடுத்த ஐந்து வருடமும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த 24 பேரை மட்டும்தான்.

ஒரே ஓட்டிலோ சில நூறு ஓட்டிலோ முடிவு மாறிய கதைகளும் உண்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரு ஓட்டில் தோற்றார், 2000-இல் புளோரிடாவில் 537 ஓட்டுகள் அமெரிக்காவின் அதிபர் யார் என்பதைத் தீர்மானித்தன. ஆனால் இதை வைத்து நான் வாதாட மாட்டேன், இப்படி நடப்பது அபூர்வம். உங்கள் ஒரு ஓட்டு யாரையும் ஜெயிக்க வைக்காமல் போகலாம். உங்களைப் போன்றவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிக்கையில் காட்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

யாரையுமே பிடிக்கவில்லையா? சரி, 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்தியாவில் நோட்டா, அதாவது 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்று போடும் ஓட்டு, இருக்கிறது. அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் அப்போதும் ஜெயிப்பார், அதில் மாற்றமில்லை. இருந்தாலும் அது எண்ணப்படுகிறது, முடிவில் தனி வரியாக வருகிறது. வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த வரிகூடக் கிடையாது.

எனக்கு மனதைவிட்டுப் போகாத விஷயம் வேறு. 1951-52இல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றதில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெயர் இல்லாததால் ஓட்டை இழந்த அந்தப் பெண்களை நினைக்கும்போது, பெயரும் வயதும் வீட்டு எண்ணும் சரியாக அச்சாகி, கோடு மட்டும் விழாத அந்த மூன்று வரிகள் எனக்கு வலிக்கின்றன.

அப்புறம் இன்னொன்று. அன்று காலை ஒரு அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்று வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. அட்டை இருக்கிறதே என்று திரும்பத் திரும்பக் காட்டினார், பட்டியலில் இல்லாமல் அட்டை மட்டும் உதவாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பெயரும் வீட்டில் இருப்பவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள், வீடு மாறியிருந்தால் கட்டாயம் பாருங்கள்.